கூச்சத்துக்கு மருந்து

திருநெல்வேலி
12.8.94

அத்தான்,

இது கைக்கு வரும்போது மெட்ராஸ் கூட்டம் முடிந்திருக்கும். பல்கூச்சத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்தை உங்களுடையது என்று மேடையில் சோதித்துக் காட்டியிருப்பீர்கள். என் பெயரையும் சேருங்கள் என்றதற்கு, "பொம்பளைக்குக் கூச்சம் வேண்டாமாட்டி?" என்றீர்கள்.

பல்லின் நுண்துளைகளை அடைத்துத் தண்ணீரை நிறுத்துவதுதான் அந்த மருந்தின் வேலை. அவசரத்தில் என் ஆய்வகத்திலிருந்து நீங்கள் அள்ளிப்போன, பல்லைக் குறுக்கே அறுத்தெடுத்த வில்லைகளோ அமிலத்தில் கழுவாதவை. அறுத்த தூளே துளைகளை அடைத்துக் கிடக்கும். தாமிரபரணியையே கொட்டினாலும், மருந்து பூசாமலே தண்ணீர் இறங்காது.

மருந்து பூசாத வில்லையிலும் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லும்படி, கூட்டத் தலைவருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

எல்லார் முன்னாலும் உங்களுக்குக் கூசியிருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியாக இருந்தவள்