என் மெஷினில் சினிமாப் பாட்டு ஏறாது

9.1.94, ஞாயிறு

இந்த ஊர்க்காரன் காதுக்கு மருந்தே கிடையாது. காலையில் டுட்டோரியலில், பத்தாவது பெயிலான கூட்டத்துக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். முடித்துவிட்டு மேலரத வீதி வழியாகச் சைக்கிளில் வந்தால் கடைக்குக் கடை சினிமாப் பாட்டு. அல்வாவுக்கு நிற்கிறவன்கூடத் தலையை ஆட்டுகிறான். எதற்கு ஆட்டுகிறாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, என் டேப் ரிக்கார்டரைப் போட்ட பிறகுதான் மனுஷனானேன். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிறவனிடம் பழையதாக வாங்கியது. வாங்கிய அன்றைக்கே அம்மாவிடமும் தங்கை உலகம்மையிடமும் சொல்லிவிட்டேன். இதில் சினிமாப் பாட்டு ஏறாது, சாமி பாட்டு ஏறாது, ஹெவி மெட்டல் ஒன்றுதான் ஏறும். அவர்களுக்கு ரேடியோ இருக்கிறது, போதும்.

"ஒன் மெஷின இங்க யாரு கேட்டா? எழவு வீட்டுல இதவிட நல்லாப் பாடுவாவ" என்றாள் உலகம்மை. ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். அணில் பாட்டுக்கு மேல் அவளுக்கு ஏறாது.

16.1.94

பொங்கலுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கரை இன்னும் அவிழ்க்கவில்லை. கட்டினவனையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

3.2.94

ஐயம்பெருமாள் அண்ணாச்சி வந்திருந்தார். தபாலாபீசில் வேலை. 'கசிவு' என்று ஒரு சிற்றிதழ் நடத்துகிறார். அதைப் படிக்கிறவர்களைவிட அதில் எழுதுகிறவர்கள் அதிகம். அடுத்த இதழுக்கு மெட்டல் இசையின் வரலாறும் வகைகளும் நான் எழுதித் தர வேண்டுமாம்.

"புதுசா இருக்கும்லா" என்றார்.

புதுசாம்! பர்மிங்காமில் தகரப் பட்டறையில் விரல்நுனியைப் பறிகொடுத்த ஒருவன், புண் விரல் நோகாமல் வாசிக்கக் கிடார் கம்பியைத் தளர்த்திக் கட்டி, சுருதியைக் கீழே இறக்கி, இந்த இசையைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வண்ணாரப்பேட்டைக்கு இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

ஒத்துக்கொண்டேன். இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள் எழுத?

6.2.94, ஞாயிறு

மத்தியானம் உசாமா வந்தான். மேலப்பாளையத்தில் அவன் வாப்பாவுக்குப் போர்வைக் கடை. மாமா சார்ஜாவில் இருப்பதால் கேசட்டெல்லாம் அவன் வழியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் வருவான், பாயில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான், ஒன்றும் பேசமாட்டான். அவனுக்கு மெட்டலில் த்ராஷ் எது, டெத் எது என்று வகை தெரியாது. "நல்லாருக்குவே", அவ்வளவுதான் அவன் விமர்சனம்.

இன்றும் அந்த ஜெர்மன் கேசட்டைத்தான் போடச் சொன்னான். உறை கிழிந்து, குழுவின் பேர்கூடத் தெரியாத கேசட். டூம் என்ற வகையின் உச்சி அதுதான் என்பது என் முடிவு. ஒவ்வொரு அடியும் கோயில் தேர் நகர்வது மாதிரி, நிதானமாக, கனமாக விழுகிறது. வேறெந்தப் பாட்டும் என்னை இப்படி உட்கார்த்தி வைத்ததில்லை.

போகும்போது சொன்னான், மாமா விசாவுக்கு ஏற்பாடு செய்கிறாராம், கோடையில் சார்ஜா போய்விடுவானாம். போகட்டுமே, எனக்கென்ன?

அப்படி எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் இதைக் கேட்க இன்னொருத்தன் கிடையாது. அவன் போனால் நானும் சுவரும்தான்.

18.2.94

கட்டுரை வகை வகையாக ஓடுகிறது. கிளாம்: முடிக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு காதல் பாடுகிறவர்கள், கோடம்பாக்கத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். டெத்: வாந்தி எடுப்பதைப் பாட்டு என்று சாதிக்கிறவர்கள். பிளாக்: நார்வேயில் சர்ச்சுகளைக் கொளுத்துகிறார்களாம், வேலைவெட்டி இல்லாத பணக்காரப் பிள்ளைகள்.

த்ராஷ் பற்றித்தான் என் கண்டுபிடிப்பு. அலகாபாத்திலிருந்து வரும் ராக் பத்திரிகையிலும், ரயிலடியில் பழசாக வாங்கிய லண்டன் பத்திரிகையிலும் த்ராஷ் என்றாலே வேகம், மின்னல், இயந்திரத் துப்பாக்கி என்று எழுதியிருக்கிறான். சுத்தப் பொய். ஸ்லேயர் என்கிற த்ராஷ் குழுவை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர்கள் நடக்கிறார்கள், ஓடவில்லை. வெள்ளைக்காரன் அவசரக்காரன், அவனுக்கு எல்லாமே ஓட்டமாகத்தான் கேட்கும். இதை முதலில் எழுதப்போகிறவன் நான்.

27.2.94, ஞாயிறு

நோன்பு மாசம். உசாமா வரமாட்டான். ஜெர்மன் கேசட்டைத் தனியாகப் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

20.3.94, ஞாயிறு



நோன்புப் பெருநாள் கழிந்து இன்றைக்குத்தான் உசாமா வந்தான். உம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தோடு. ஐயம்பெருமாள் அண்ணாச்சியும் இருந்தார். த்ராஷ் பகுதியை வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உசாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அச்சுல போடுததுக்கு முன்னால ஒருதடவை யோசிச்சுக்கிடும்வே" என்றான். "வெளியூர்க்காரன் படிச்சா சிரிப்பான். அதெல்லாம் வேகமான பாட்டுதான். அந்த ஜெர்மன் கேசட்டும் வேகந்தான். உம்ம மெஷினு…"

என் மெஷினா? இவன் வீட்டில் போர்வைக் கட்டுக்கு நடுவே கிடக்கிற ஓட்டை டேப்பில் கேட்டுவிட்டு வந்து என் மெஷினைச் சொல்கிறான்! அதுவும் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு!

என்ன சொன்னேன் என்று முழுசாக ஞாபகமில்லை. ஏலே, போர்வை விக்கிறவனுக்கு முழம் போடத் தெரியும், தாளம் தெரியுமாலே என்றேன். எந்திரிச்சுப் போலே, இந்த வாசப்படி மிதிக்காதலே என்றேன். இதுவரைக்கும் அவனை லே போட்டுப் பேசினதில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு பைய இறங்கிப் போனான். பலகாரத்தை அம்மா எடுத்து உள்ளே வைத்தாள். நான் தொடவில்லை.

21.3.94

வந்து மன்னிப்புக் கேட்பான். எங்கே போவான்?

3.4.94, ஞாயிறு

இன்றும் வரவில்லை. கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். "நம் நகரத்தில் போர்வை வியாபாரிகள்கூட மெட்டல் கேட்கிறார்கள். வேகத்துக்கும் இசைக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் காதுகளுக்காக இது எழுதப்படவில்லை." நறுக்கென்று விழுந்திருக்கிறது. அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

விசா வந்துவிட்டதாம், அடுத்த மாதம் கிளம்புகிறானாம். அண்ணாச்சிதான் சொன்னார்.

22.4.94, வெள்ளி

எப்படி எழுதுவது இதை?

டுட்டோரியலில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் திரும்பினேன். வாசலில் வரும்போதே என் மெஷினில் ஏதோ ஓடுகிறது. அம்மா கோயில் வாசலில் அம்மன் பாட்டுக் கேசட் ஒன்று வாங்கி வந்து, நான் இல்லாத நேரம் பார்த்துப் போட்டிருக்கிறாள். பாடுகிறது பெண் என்று உறையில் படம் இருக்கிறது. மெஷினிலிருந்து வந்தது ஆம்பிளைக் குரல். தூக்கக் கலக்கத்தில் பாடுகிற ஆம்பிளை.

"ஏட்டி, இது யாரு பாடுதது? மீசை வச்ச அம்மனால்லா இருக்கு" என்று அம்மா கேட்கிறாள். உலகம்மை தரையில் உருண்டு உருண்டு சிரிக்கிறாள்.

"கேசட்டு மோசம், கோயில் வாசலில் விற்கிறது வேறெப்படி இருக்கும்?" என்று கத்தினேன். உலகம்மை கேசட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ரெண்டு நிமிஷத்தில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அதே பாட்டு, அம்சமான பெண்குரலில், துள்ளிக்கொண்டு வந்தது.

"கேசட்டுக்கு ஒண்ணுமில்ல. ஒன் மெஷினுக்குத்தான் மூச்சு வாங்குது. இத்தன நாளா ஒனக்குத் தெரியலயாக்கும்?"

தெரியவில்லை. எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த குரல் ஒன்றைக்கூட அதில் நான் ஏற விட்டதே இல்லையே.

23.4.94

ஜங்ஷனில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைக்கு ஜெர்மன் கேசட்டைக் கொண்டுபோனேன். பெரிய ஸ்பீக்கரில் போட்டான். ஓடுகிறது. ஐயோ, என்ன ஓட்டம்! என் தேர் எங்கே? யாரோ சாக்கு மூட்டையில் தகர டப்பாக்களைக் கட்டி மாடிப்படியில் உருட்டி விட்டது மாதிரி ஒரு சத்தம். கடைப் பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இது டூம் இல்லை. எந்த முட்டாளுக்கும் தெரியும், இது த்ராஷ்.

அங்கிருந்து நேரே அச்சகம். எல்லாம் அடித்து, மடித்து, தைத்து வைத்திருக்கிறது. அண்ணாச்சி என் கட்டுரையை முதலில் போட்டிருக்கிறார். அந்தப் போர்வைப் பத்தியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். நானா சொன்னேன் தடித்த எழுத்தில் போடச் சொல்லி?

"அருமையா வந்துருக்குலா?" என்றார்.

ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

25.4.94

மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிவிட்டேன். உள்ளே பெல்ட் தொளதொளத்துப் போயிருந்ததாம், புதுசு மாட்டியாயிற்று. மோட்டாரின் பின்னால் ஒரு ஓட்டை, அதில் திருப்புளியை விட்டுத் திருகினால் வேகம் கூடும், குறையும் என்று சொல்லி, அதையும் சரியாக நிறுத்திக் கொடுத்தான். இந்தப் பொய் இனி ஒருநாள்கூட என் வீட்டில் ஓடக்கூடாது.

ஜெர்மன் கேசட்டைச் சரியான வேகத்தில் முழுசாகக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. உலகமே பிடித்திருக்கிறது என்று சொல்கிற த்ராஷ் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்ததை ஜெர்மனியில் ஒருத்தனும் வாசிக்கவே இல்லை.

1.5.94, ஞாயிறு

பாளையங்கோட்டையில் 'கசிவு' வெளியீட்டுக் கூட்டம். கட்டுரையை வாசித்தேன், கூசாமல் முழுசையும் வாசித்தேன். ஒரு வரியாவது மாற்றியிருக்கலாம். வாய் வரவில்லை.

வந்திருந்தவர்களில் ஒருத்தனுக்கும் ஒரு எழவும் புரியவில்லை. ஆவுடைநாயகம் என்று ஒரு கவிஞர் எழுந்து, தாமிரபரணியின் நிதானத்தை மேல்நாட்டு இசையில் கண்டுபிடித்த தமிழ்ச்செவி என்று என்னைப் புகழ்ந்தார். இந்த மாதிரி ஆளிடம் பாராட்டு வாங்குவதைவிடச் செருப்படி வாங்கலாம்.

கடைசி பெஞ்சில் உசாமா. யார் கூப்பிட்டார்கள் அவனை? போர்வைப் பத்தி வந்தபோது நான் தலையைத் தூக்கவில்லை. முடிந்ததும் அண்ணாச்சி வேண்டுமென்றே, "நீரு என்ன சொல்லுதீரு?" என்று அவனைக் கேட்டார்.

ஒரே வார்த்தையில் என்னைக் கிழித்திருக்கலாம் அவன். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் ரெண்டே பேர்தான்.

"அவரு காதுல கேட்டதத்தான் எழுதிருக்காரு. இல்லாதது ஒண்ணும் எழுதல" என்றான்.

இரக்கப்படுகிறானோ என்று ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டான்.

8.5.94, ஞாயிறு

மத்தியானம் வாசலில் சைக்கிள் சத்தம். உசாமா. படியேறாமல் தெருவிலேயே நின்றான்.

"வியாழக்கிழம கெளம்புதேன். அந்தக் கேசட்ட ஒருதரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். மிதிக்கலாமா வாசப்படிய?"

உள்ளே வாரும்வே என்றேன்.

பழையபடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். போட்டேன். தடதடவென்று ஓடியது. கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரிப்பேர் பாத்துட்டீராக்கும்." அவன் முகம் விழுந்துவிட்டது.

"உமக்கு எப்பம் தெரியும்?"

"மொத நாளே தெரியும். எங்க வீட்டுல போட்டா இப்பிடித்தான் ஓடிப்போயிரும். இங்கன வந்தாத்தான் அது நடக்கும். அதுக்குத்தானவே வாரம் தவறாம வந்தேன்."

"பின்ன ஏன்வே ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீரு ரிப்பேர் பாத்துருவீருல்லா."

நான் எழுந்து போய்த் திருப்புளியைத் தேடி எடுத்தேன். மெஷினின் முதுகைக் கழற்றி, அந்த ஓட்டையில் விட்டுத் திருகினேன். பாட்டு கொஞ்சம் இறங்கியது. போதுமா, இன்னும் வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. வரலாறு எழுதின எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் பைய" என்றான் உசாமா, கண்ணை மூடிக்கொண்டே. "இன்னுங் கொஞ்சம். இல்ல, கூடிப்போச்சு, ஒரு பொட்டு ஏத்தும். ஆங்… இந்தா வந்துட்டுல்லா. கைய எடும்."

வந்துவிட்டது. தேர் நகர்ந்தது. போர்வைப் பத்திக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாட்டு முடிகிறவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. முடிந்ததும் மெஷினைத் துண்டில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். எதுக்குவே, எதுக்குவே என்றான். வச்சுக்கிடும் என்றேன்.

12.5.94, வியாழன்

மேலப்பாளையம் போனேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் நின்றது. சொந்தக்காரர்கள் தெரு முழுக்க. வேனுக்குள் உசாமா மடியில் துண்டு சுற்றிய மெஷின். அவன் உம்மா ஆபிதா பீவி, எல்லாரும் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர் உலகத்துல எல்லாரும் அங்கேருந்து டேப்பு கொண்டு வருவான். இவன் இங்கேருந்து சார்ஜாவுக்குத் தூக்கிட்டுப் போறான். அதுவும் ஒழுங்கா ஓடாத டேப்பு!"

தெருவே சிரித்தது. உசாமாவும் சிரித்தான், மடியிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை.

வேன் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தன் வாயைப் பிளந்து பார்த்தான். பார்க்கட்டும், கூமுட்டை.