அழிக்காத விரல்

என்னங்க,

வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஒரு கூத்து. கடையில் ரொட்டிக்குப் பணம் கட்ட என் போனில் விரலை வைத்தால், அது என்னை யாரோ என்கிறது. பதற்றத்தில் ரகசிய எண்ணும் மறந்துபோய், ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்து மருந்துத் தண்ணீரில் என் விரல் ரேகை தேய்ந்துவிட்டதாம். பயப்படாதீர்கள், வலியில்லை.

போன் கடைக்காரர் நம் பாஷைக்காரர். "இனிமே முகத்தைக் காட்டித் திறங்கம்மா. இந்த ரெண்டு விரலையும் அழிச்சிடவா?" என்றார்.

"என்னோடதை அழிச்சிடுங்க. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரோடது, இருக்கட்டும்ணே."

"அவரும் இங்கதான் இருக்காரா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நான் கிளம்பிய அன்று விளையாட்டாக நீங்கள் பதிந்த விரல் அது.

கைக்குத் தடவக் களிம்பு ஒரு டப்பா அனுப்புங்கள். வழியில் நசுங்காமல் உங்கள் பழைய சட்டையில் சுற்றுங்கள். அதைத் துவைக்க மெனக்கெட வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. என் போனை விரல் வைத்துத் திறக்க இப்போது உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

உங்கள்
வாயாடி