ஆறு தடவை எழுதியவளுக்கு

நேற்றுக் காலை என் மகள் ஃபோனோடு அடுப்படிக்கு வந்தாள். பதினெட்டு முடிந்துவிட்டது, வண்டி பழக எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். திரையில் சிவப்பு விளிம்பு போட்ட ஒரு முக்கோணம் தலைகீழாக நின்றது. உள்ளே படமும் இல்லை, எழுத்தும் இல்லை.

"அம்மா, இதுக்கு இன்னா அர்த்தம்?"

ஐந்து வருடமாகத் தினமும் வண்டி ஓட்டுகிறேன். எனக்குத் தெரியவில்லை. தோசை தீய்கிறது என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோசை தீயவில்லை. அவளே எதையோ அழுத்திப் பார்த்து, "வழி விடணுமாம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

நீ இருந்திருந்தால் அவளை உன்னிடம் அனுப்பியிருப்பேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. கரண்டியைப் பிடித்தபடி நின்றவளுக்கு உன் முகம்தான் வந்தது. கண் கலங்கவில்லை. காது மடல்தான் சுட்டது. உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, வெட்கம்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். ஆம்பூரைத் தாண்டி, ஹைவேயை ஒட்டிய யூனிட்டில் ஒரே தையல் லைன். பக்கத்துப் பக்கத்து மிஷின். நான் பன்னிரண்டாவது படித்தவள், நீ அஞ்சாவது. ஆனால் ஷூவின் மேல்தோலைத் தைப்பதில் உன் கைக்கு என் கை வராது. நான் பிரித்துப் பிரித்துத் தைப்பதை நீ ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டு, என் பங்கிலும் பாதியை இழுத்துக்கொள்வாய். "குடுடி, நீ நூலுகூட பேசிட்டு இருக்க" என்பாய்.

பேரணாம்பட்டு ரோட்டில் இரண்டாவது யூனிட் திறந்தபோதுதான் அந்த வேலை வந்தது. இரண்டு யூனிட்டுக்கும் போய்வந்து தரம் பார்க்கும் சூப்பர்வைசர். பெண்களாக இருந்தால் நல்லது, டூவீலர் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். மேனேஜர் நம் இரண்டு பேர் பெயரைத்தான் சொன்னார். யார் முதலில் எல்.எல்.ஆர். எடுத்து வருகிறார்களோ அவர்களுக்கு ஆறு மாதம் தற்காலிகமாக வேலை. மற்றவளும் அந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட்டால், இரண்டு பேரில் யார் என்று பார்த்து நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். "உனக்கு கெடச்சா எனக்கு கெடச்ச மாரி" என்றாய் நீ, பஸ் ஏறும்போது. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். நீ சொன்னது உண்மை.

ஒரே நாளில் தேர்வுக்குப் போனோம். கம்ப்யூட்டர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி உனக்கு. அலுவலர் வாசலில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்மை அழைத்து வந்த டிரைவிங் ஸ்கூல்காரர், மவுஸ் பிடிக்கச் சொல்லித்தருவதுபோல என் பின்னால் வந்து நின்றார். நாற்காலி முதுகில் விரலால் தட்டினார். ஒரு தட்டு என்றால் முதல் பதில், இரண்டு தட்டு என்றால் இரண்டாவது. வெளியே டீக்கடையில் வைத்தே எனக்குச் சொல்லியிருந்தார். உனக்கும் சொன்னார். நீ, "வேணாங்கண்ணா, நான் படிச்சிட்டுதான் வந்திருக்கேன்" என்றாய்.

படித்துத்தான் வந்திருந்தாய். உனக்குக் குறை அறிவில் இல்லை, வேகத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் சில நொடிதான். நீ எழுத்துக் கூட்டி, உதடு அசைத்துப் படித்து முடிப்பதற்குள் திரை மாறிவிடும். "அய்யோ, போயிடுச்சு" என்று நீ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால் தட்டிய சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். நான் பாஸ். நீ ஒரே ஒரு கேள்வியில் ஃபெயில்.

திரும்பி வரும் வழியில் எனக்கு நீதான் மிட்டாய் வாங்கித் தந்தாய்.

அதன் பிறகு நீ படித்த படிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கழித்துப் போட்ட கறுப்புத் தோல் துண்டுகளில், தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவால் ஒவ்வொரு சாலைக் குறியையும் வரைந்து வைத்தாய். சாப்பாட்டு நேரத்தில் மடியில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்புவாய். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வரும் போர்டுகளை எல்லாம் வாய்விட்டுச் சொல்வாய். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். "எனக்கே இவ்ளோ தெரியாதும்மா" என்பார்.

இரண்டாம் தடவை போனாய், வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் பர்மிஷன். அதற்குள் நான் சூப்பர்வைசர் நாற்காலிக்கு வந்துவிட்டேன். உன் பர்மிஷன் சீட்டு என் கையெழுத்துக்கு வரும். உன் மிஷின் காலியாக இருக்கும் அரை நாளில் லைன் எண்ணிக்கை குறையும், உண்மைதான். ஆனால் என்னை அரித்தது அது இல்லை. நீ ஒவ்வொரு முறை தோற்று வரும்போதும், "அவங்க மொதல் தடவையே பாஸாமே, எப்படி?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ஆறு மாதத்துக்குள் நீ பாஸாகி வந்து நின்றால் மேனேஜர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது இன்னொரு பக்கம்.

நாலாவது பர்மிஷனுக்கு நீ எழுதிக் கொடுத்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா மறுபடியும் கேக்கறாங்களே, இன்னா பண்ணலாம்?"

அவர் சும்மா கேட்டார். "அனுப்பிடலாம் சார்" என்று சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"இதுக்கு ஒரு அளவு வெச்சிடலாம் சார்" என்றேன். "ரெண்டு தடவ போதும். ரெண்டு தடவ எழுதியும் தேறாதவங்க கையில வண்டிய குடுத்தா, ரோட்டுல போறவங்க உயிருக்கு யார் பொறுப்பு?"

நான் அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. நடுங்கவே இல்லை. நியாயம் பேசுகிறவளின் குரல் அது. மேனேஜருக்கு அது பிடித்துப்போனது. மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாலையில் செல்வோர் உயிரைக் கருதி, லைசென்ஸ் தேர்வுக்கு இரண்டு முறைக்கு மேல் பர்மிஷன் கிடையாது.

நீ அதை விரல் வைத்துப் படித்தாய். உனக்குப் பின்னால் ஆட்கள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். கடைசி வரிக்கு வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாய்.

"யாருடி இத சொன்னது?"

"மேனேஜர்தான். நான் எவ்ளவோ சொல்லிப் பாத்தேன்."

"சரி வுடு" என்று மிஷினுக்குப் போய்விட்டாய்.

நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. பர்மிஷன் இல்லாததால் சம்பளம் இல்லாத லீவு போட்டுப் போனாய். அதையும் அடிக்கடி போட முடியாதே. மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. நாலாவது போச்சு, அஞ்சாவது போச்சு. ஆறு மாதம் முடிந்து என் வேலை நிரந்தரமானது. இரண்டு வாரம் கழித்து, ஆறாவது தடவையில் நீ பாஸானாய்.

அன்று ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்தாய். முதல் பேடாவை என் மேஜைக்குக் கொண்டுவந்தாய். "ஒரு கேள்வி கூட தப்பு இல்லடி. கேள்வி வர்றதுக்குள்ள பதில் வந்துடுச்சு" என்றாய். அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

பிறகு லைசென்ஸ் வந்தது. எட்டுப் போடும்போது நீ ஒரு இடத்திலும் கால் ஊன்றவில்லை என்று டிரைவிங் ஸ்கூல்காரரே வந்து சொன்னார். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாய். ஒரு நாள் என் வண்டி ரிப்பேர்; உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சர்வீஸ் ரோடு ஹைவேயில் சேரும் இடத்தில் நீ வண்டியை நிறுத்தினாய். எனக்கு அவசரம்.

"யாரும் வரலடி, போ."

"போர்டு சும்மா நிக்குதா?" என்று சொல்லி இரண்டு பக்கமும் பார்த்தாய். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத வளைவில் இருந்து ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடிக்காமல் வந்து கடந்துபோனது. லாரி போனதும் ஆக்ஸிலேட்டரைத் திருகினாய். நான் உன் தோளைப் பிடித்திருந்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை. அந்த இடத்தை நான் அதற்கு முன் நூறு தடவை நிற்காமல் தாண்டியிருக்கிறேன்.

இரண்டு வருடம்கூட முழுசாக ஓட்டவில்லை நீ. மஞ்சள் காமாலை என்றார்கள், கீழாநெல்லி கொடுத்தார்கள். வேலூருக்குக் கொண்டுபோனபோது கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். நான் பார்க்க வந்தது ஒரு மதியம். உன் கண் மஞ்சளாக இருந்தது. கை மட்டும் அதே கை. உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அன்றைக்கு விட்டால் சொல்லவே முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"அந்த ரெண்டு தடவ ரூலு... அது மேனேஜர் சொன்னது இல்லடி. நான்தான்."

"தெரியும்" என்றாய்.

எப்படி என்றேன்.

"ரோட்டுல போறவங்க உயிருன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே. பஸ்ஸு வேகமா போனா நீதான் அப்படி கத்துவ. அந்த ஆளுக்கு ஏது அந்தப் பேச்சு." சிரிக்கப் பார்த்தாய்; இருமல் வந்தது.

"ஏன்டி என்ன ஒண்ணும் கேக்கல? அன்னிக்கு பக்கத்து சீட்டுல இருந்தியே. அந்தத் தட்டுன விஷயத்த ஒரு வார்த்த நீ வெளிய சொல்லியிருந்தா..."

"சொல்லி?" என்றாய். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "ஆறு தடவ போனது எனக்கு பேஜாரே இல்ல. போகப் போகத்தான் வந்துச்சு. நீ என் மூஞ்சிய பாக்காமயே இருந்தியே, அதான் ஒரு மாரி இருந்துச்சு" என்றாய்.

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சுடு என்று சொல்ல வாய் எடுத்தபோது நர்ஸ் வந்துவிட்டார். நான் எழுந்தேன். நீ படுத்தபடியே கூப்பிட்டாய்.

"வண்டியிலதானே போற? பாத்து போ. உனக்கு ஒண்ணும் தெரியாது."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

இன்று மதியம் கம்பெனியில் கமிட்டி கூட்டம். மேனேஜர் மாறிவிட்டார். லைனில் மூன்று பெண்கள் எல்.எல்.ஆரில் இரண்டு தடவை தவறிவிட்டு, அடுத்த தடவைக்குப் பர்மிஷன் கேட்டிருக்கிறார்கள். பழைய நோட்டீஸை எடுத்து வைத்து, இந்த அளவு தேவையா என்று புது மேனேஜர் கேட்டார். ஸ்டோர்ஸில் இருக்கும் ஒருவர், "அளவு வேணும் சார். எழுதிக்கினே இருந்தா குருட்டாம்போக்குல ஒரு நாள் பாஸாயிடுவாங்க" என்றார்.

நான் எழுந்தேன். "குருட்டாம்போக்கு மொதல் தடவையிலயும் வரும் சார்" என்றேன். அவர்களிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஆறு தடவை எழுதிய ஒருத்தி இங்கே தைத்துக்கொண்டிருந்தாள், இந்த ஊரில் அவளைவிட ஒழுங்காக ஓட்டியவரை நான் பார்க்கவில்லை, ஒவ்வொரு தடவை தவறினபோதும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது என்றேன். அவள் வேகமாகப் படிக்கத் தெரியாதவள். ரோடு தெரியாதவள் இல்லை என்றேன்.

"நீங்க எத்தனாவது தடவையில பாஸானீங்க மேடம்?" என்றார் மேனேஜர்.

என் வாய் திறந்தது. தட்டிய விரலைப் பற்றிச் சொல்ல அங்கேயே ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"மொதல் தடவையே சார்."

"பாருங்க, மொதல் தடவையே பாஸான அவங்களே சொல்றாங்க" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நோட்டீஸை எடுத்துவிடச் சொன்னார்.

அந்த மூன்று பெண்களும் வாசலில் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம் மாரி எங்களுக்கு மொதல் தடவையே வரல. ஆனா இப்ப தைரியமா போவோம்" என்றாள். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. நீ நல்லவள் என்று ஊருக்குச் சொல்லக்கூட எனக்கு அந்தப் பொய்தான் உதவியாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீடு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அதிலும் பார், யாரிடம் சொல்கிறேன் என்று. முன்பே எல்லாம் தெரிந்த ஒருத்தியிடம்.