சரம் பின்னும்போது மங்கிய கண்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும்போது மறுபடியும் கண் மங்கியது. மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல். ஒரு திரி இரண்டாகத் தெரிந்தது. ஃபோர்மேன் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கண்ணுல மருந்து பட்டுருச்சா? பார்வை சரியில்லைன்னா பெட்டி ஒட்டப் போயிரு."

பெட்டி ஒட்டக் கூலி குறைவு; அங்கே போனவர்களைத் திரும்பச் சரத்துக்குக் கூப்பிடுவதே இல்லை. மாதவிலக்கு நெருங்கினால் எனக்கு இப்படி ஆகிறது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? "தூசிதான்ணே" என்றேன்.

பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த மாரியக்கா, "இருக்கன்குடி ஆத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் நேந்துக்க. போன மாசமும் அவதான கண்ணக் குடுத்தா?" என்றாள்.

போன மாதம் நேர்ந்துகொண்டது உண்மைதான். விலக்கு முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், கண் வடிவில் செய்த வெள்ளித் தகட்டைக் கண்மலராகச் செலுத்தினேன். அன்றைக்குக் கண் பளிச்சென்று இருந்தது. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. கண் மங்கி, விலக்கும் வந்துவிட்டால் கோயில் வாசலை மிதிக்க முடியாது. மிதிக்க முடிகிற நாளில் கண் தானாகவே தெளிந்துவிடுகிறது. ஆத்தாளும் பெண்தானே, உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

ஃபோர்மேன் சிரிக்க மாட்டார். நாளைக்கும் சரம்தான். திரி இரண்டாகத் தெரிந்தால் நான் எதைப் பிடிப்பேன்?