கோட்டில் விழுந்த பந்து

அன்பு மகளுக்கு,

உன் அறைச் சுவரில் இருந்த அல்தியா கிப்சனின் படத்தை நீ ஏன் கழற்றினாய் என்று அம்மா கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர் என்று எனக்குச் சொன்னவளே நீதான். ஞாயிற்றுக்கிழமை மிசிசாகாவில் உன்னோடு டென்னிஸ் ஆடியதும் ஒரு கறுப்பினப் பிள்ளை. நடுவர் இல்லாத ஆட்டம். தன் பக்கம் விழும் பந்து அவுட்டா இல்லையா என்று அவரவரே சொல்ல வேண்டும். அவள் கள்ளம் செய்வாள் என்று முதல் பந்திலிருந்தே கம்பிவேலியோடு ஒட்டி நின்றேன்.

"அப்பா, உங்கை நிண்டு அவளைப் பாக்காதேங்கோ" என்றாய். நான் கேட்கவில்லை. அவள் ஒரு பந்தைக்கூடப் பிழையாகச் சொல்லவில்லை.

கடைசிப் பந்து உன் பக்கம் கோட்டில் விழுந்தது. கோட்டில் பட்டால் அவுட் இல்லை. நீ "அவுட்" என்றாய், வென்றாய். அந்தப் பிள்ளை உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் வாய்திறக்கக் கூடாது என்பது விதி. அன்று முழுக்க நான் மதித்த ஒரே விதி அதுதான்.

நீ வென்ற கிண்ணத்தை அம்மா கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறாள். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நீ அந்தப் படத்தைக் கழற்றியது உன்னை நினைத்தா, என்னை நினைத்தா?

உன் அப்பா