உறையைப் போட்டுவிட்டு

8 மார்ச் 2025, சனி
காலை முழுவதும் அந்தோனிதாசனின் கராஜில். அவருடைய எண்பத்தாறாம் ஆண்டுக் காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறோம். கைவேலை அவருடையது, டெனிஷ் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்வது நான். டென்மார்க்குக்கு வந்து கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெசினோடு நின்றவர், டெனிஷ் வாசிக்கத்தான் வராது.

இன்று வால்வு சீல்கள். வால்வுத் தண்டைச் சுற்றி இருந்து, எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர் வளையங்கள். "புட்டு அவிக்கேக்க ஆவி போகாமல் பானை வாயிலை துணி சுத்துறமே, அதுமாதிரி" என்றேன்.

"மாஸ்ரர், நீங்கள் எஞ்சினையும் அவிச்சுப்போடுவியள்!"

எட்டும் பூட்டியாயிற்று.

15 மார்ச்
ஸ்டார்ட் செய்தோம். நீலப் புகை, எண்ணெய் எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பக் கழற்றிப் பார்த்தால் சீல்களின் உதடு கிழிந்திருக்கிறது. தண்டின் நுனியில் கூரான வெட்டுகள் உண்டு. அவை கிழிக்காமலிருக்க முதலில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டவேண்டும். சீல்களோடு வந்தது. எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாராம்.

16 மார்ச்
விபோர்க்கில் சிறீஸ்கந்தராசா வீட்டுப் பிறந்தநாள். சாப்பாட்டு மேசையில் பதினொரு பேர்.

"என்ன அந்தோனி, கார் ஓடுதோ, சாம்பிராணி போடுதோ?" என்றார் சிறீஸ்கந்தராசா.

அந்தோனிதாசன் வாய் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன். "வாசிச்சு வாசிச்சுச் சொன்னனான். இவர் உறையைக் குப்பையிலை எறிஞ்சிட்டார்."

"நீங்கள் போடச் சொன்னியள், போட்டன்" என்றார் அவர், மெதுவாக.

மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.



17 மார்ச்
சீல் பூட்டிய அன்று நான் சொன்னது: "உறையைப் போட்டிட்டுச் சீலைப் பூட்டுங்கோ."

சட்டையைப் போட்டிட்டு வா என்றால் உடுத்துவது. தோலைப் போட்டிட்டுச் சாப்பிடு என்றால் எறிவது. பொதியோடு வந்த உறையை மனிசன் வேறென்ன செய்யும்?

இரண்டு பொருள் தரும் வசனங்களைக் கரும்பலகையில் எழுதி எழுதிப் படிப்பித்தவன் நான்.

உண்மையை எழுது. இது இன்றைக்கா விளங்கினது? இல்லை. நேற்று, அவர் "போட்டன்" என்றபோதே விளங்கிவிட்டது. விளங்கின பிறகுதான் சிரிச்சனான்.

20 மார்ச்
அந்தோனிதாசன் என் போனை எடுக்கிறார் இல்லை. "போய் முகத்தைக் காட்டுங்கோவன்" என்கிறாள் என் மனைவி மனோரஞ்சிதம். எந்த முகத்தை?

22 மார்ச்
போனேன். தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? எனக்குத் தெரியும்தானே."

23 மார்ச்
சிறீஸ்கந்தராசாவுக்குப் போன் செய்து, பிழை என்னுடையது என்றேன். "அட, அதை நான் அப்பவே மறந்திட்டன் மாஸ்ரர்!"

அவர் மறந்துவிட்டார். சிரிக்கப்பட்டவர் மறப்பாரா? மற்றவர்களுக்கும் எடுத்தேன். ஆறு பேர் கிடைத்தார்கள்.

24 மார்ச்
மிச்சம் இரண்டு பேருக்கும் சொல்லியாயிற்று. ஒருவர் திரும்பவும் சிரித்தார், இந்த முறை என்னைப் பார்த்து. அது பரவாயில்லை.

29 மார்ச்
காலை அந்தோனிதாசனே போன் செய்தார். "புத்தகத்தோடை வாங்கோ."

புதுச் சீல்களை ஏற்கனவே பூட்டி வைத்திருந்தார். எஞ்சினின் மேற்பகுதியைத் திரும்ப இருத்தி போல்ட் இறுக்கவேண்டும். வாசித்தேன். "மூண்டு தரம் இறுக்கவேணும்." பிறகு கேட்டேன்: "என்ன விளங்கினது? சொல்லுங்கோ."

"மூண்டு தரமும் முழுப்பலத்தோடை."

அவரில் பிழையில்லை. நான் சொன்னது அதைத்தான். "இல்லை, ஒரேயடியாய் இறுக்காமல், எல்லா போல்ட்டையும் மூண்டு சுற்றிலை கொஞ்சம் கொஞ்சமாய்."

"அப்பிடித் தமிழிலை சொல்லுங்கோவன்" என்று போல்ட் இறுக்கும் சாவியை எடுத்தார்.