ஏழாம் கட்டில்

2021 மே 14

ஆக்சிஜன் வார்டு நிரம்பிவிட்டது. ஏழாம் கட்டிலுக்குச் சடையன் வந்தார். அடி அண்ணாமலையில் பூக்கடை, ஐம்பத்தெட்டு வயது, கொரோனா. மாஸ்க்கில் ஆக்சிஜன் போயும் ரத்தத்தில் எண்பத்தாறுதான் காட்டுகிறது. வென்டிலேட்டர் ஒன்றுகூடக் காலியில்லை. மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது. குப்புறப் படுக்க வைப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. நான் படித்த காலத்தில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. இப்போது வாரத்துக்கு ஒரு விதிமுறை வருகிறது.

மே 15

குப்புறப் படுத்தால் தொண்ணூற்றொன்று வருகிறது. அதுவும் ஐந்து நிமிடம்தான். காலை மடக்கி, உடம்பை முறுக்கி, எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். உடனே எண்பத்து நான்கு. என்ன பிடிவாதம் இது?

மே 16

கத்திவிட்டேன். "பிழைக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா உங்களுக்கு?" அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பேச மூச்சில்லை.

சே! மூச்சு முட்டுற மனுஷன்கிட்ட என்ன வாய் எனக்கு? கவச உடைக்குள்ள வேர்த்து ஊத்தினா கத்திடலாமா?

அவர் மனைவி சந்திரம்மாள் போனில் கேட்டார்: "அம்மா, அவரு வந்துருவாருல்ல?"

"வந்துருவாருங்க" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

மே 17

ரஹமத்துன்னிசாவை என்னவென்று சொல்ல! எங்கள் வார்டு நர்ஸ், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சடையன் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தாள். பிறகு குனிந்து கேட்டாள்: "ஐயா, மலையைப் பாத்து கால் நீட்ட மனசு வரலையா?"

அவர் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர்.

அந்த வரிசையில் சுவர்ப்பக்கம் தலை, கால்பக்கம் சன்னல். சன்னல் நிறைய மலை, இந்த ஊருக்குச் சாமியே அதுதான். ஆறு வருடமாக இந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே.

தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டாள். ஆக்சிஜன் குழாய் எட்டவில்லை, இன்னொன்றை இணைத்து நீளமாக்கினாள். "இப்போ தலைதாங்க மலைப்பக்கம். நல்லா நீட்டிப் படுங்க." இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். தொண்ணூற்று மூன்று!

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "எங்க தெருவுல யாரும் அப்படிக் கால் நீட்ட மாட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மே 18

அந்த வரிசையில் இன்னும் நான்கு பேர் தலைமாற்றிப் படுக்கக் கேட்டார்கள். இத்தனை நாளும் காலை மடக்கியேதான் படுத்திருந்தார்களாம். ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? ஸ்டோரில் குழாய் கம்மி என்றார்கள். ரஹமத்துன்னிசா சண்டை போட்டு வாங்கி வந்தாள்.

மே 22

சடையனுக்கு ஆக்சிஜனைப் பாதியாகக் குறைத்தாயிற்று. இட்லிக்குக் காரச் சட்னி கேட்கிறார்.

மே 29

ஆக்சிஜன் இல்லாமலே தொண்ணூற்றாறு. வார்டை ஒரு சுற்று நடந்து காட்டினார். சந்திரம்மாள் வாசலில் ஆட்டோவோடு காத்திருந்தார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'அளித்த சிகிச்சை' என்ற இடத்தில் ஆக்சிஜன், ஸ்டீராய்டு, ஊசி எல்லாம் எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'தலையை மலைப்பக்கம் மாற்றிக் குப்புறப் படுக்க வைத்தது — நர்ஸ் ரஹமத்துன்னிசா.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன்.